உப்புக்குப் பழகுமா விதை?

மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் போர் தண்ணீர் உப்பானது நேற்று இன்று நடந்ததில்லை. பல பத்தாண்டுகளாக நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதில் கடல்நீர் உள்ளே ஏறிவிட்டது. வங்கி வேலை முடிந்து வந்து நான் நெல் போட்ட முதல் நவரையிலேயே இலை நுனி வெளுத்துக் காய்ந்தது. "அதே விதையை எடுத்து வச்சு மூணு வருஷம் போடுங்க சார், பழகிடும்"னு ஒருத்தர் சொன்னார். போட்டேன். மூன்றாம் வருஷமும் பாதிக்கு மேல் பதர்தான். ஏன் என்று தேடிப் படித்ததில் எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன்.

அவர் சொன்னது முழுக்கப் பொய்யும் இல்லை. டி.என்.ஏ. மேல் மெத்தில் என்ற சிறு வேதிக்குறி ஒட்டிக்கொள்ளும். மரபணுவின் எழுத்து மாறாது. அது வேலை செய்வது மட்டும் கூடும், குறையும், சில சமயம் நின்றே போகும். எங்கள் பாஷையில் கணக்கு முடக்கம்: லெட்ஜரில் பணம் அப்படியே இருக்கும், எடுக்கத்தான் முடியாது. உப்பு பட்டால் இந்தக் குறிகள் இடம் மாறும். சில குறிகள் அடுத்த தலைமுறைக்கும் போகும்.

ஆனால் குறி எங்கே விழும் என்பதில் எழுத்துக்கும் பெரிய பங்கு உண்டு. கிர்ணிப்பழத்தில் சில கொடிகள் பெண்பூ மட்டுமே வைக்கும். காரணத்தை 2009-ல் பிரான்ஸ் விஞ்ஞானிகள் கண்டார்கள். ஆண்பூ உருவாகத் தேவையான மரபணுவுக்குப் பக்கத்தில் ஒரு தாவும் மரபணு வந்து உட்கார்ந்திருக்கிறது. இந்த ஊர்சுற்றிகளைச் செடி மெத்தில் போட்டு முடக்கும். அந்த முடக்கம் பக்கத்துக் கணக்குக்கும் பரவிவிட்டது. அவ்வளவுதான், ஆண்பூ நின்றது.

நெல்லுக்கு வருவோம். உப்பைத் தாங்குவதில் வேறுபட்ட நான்கு ரகங்களை வைத்து நடந்த ஆய்வு 2012-ல் வெளியானது. உப்பு கொடுத்ததும் குறிகள் மாறின. ரகத்துக்கு ரகம், வேருக்கும் தண்டுக்கும் வேறு வேறாக. ஆனால் தாங்கும் ரகம், தாங்காத ரகம் என்ற கணக்கோடு அந்த மாற்றம் ஒத்துப்போகவில்லை. குறி மாறிவிட்டது என்பதாலேயே செடி தாங்கிவிடாது.

எழுத்திலேயே சரக்கு வேண்டும். வங்காளத்து நோனா போக்ரா நெல்லில் 2005-ல் அடையாளம் கண்ட ஒரு மரபணு, மேலே ஏறும் சோடியத்தை வழியிலேயே இழுத்துக்கொண்டு இலைக்குப் போகாமல் தடுக்கிறது. உப்புக்குத் துவளும் ஜப்பான் நெல்லிலும் அதே மரபணு உண்டு. சில எழுத்துகள் வேறு, வேலை மந்தம்.

நான் போட்டது எல்லாச் செடியும் ஏறக்குறைய ஒரே எழுத்தாக இருக்கும் தூய ரகம். மூன்று வருஷம் விதை எடுத்தாலும் அதில் பொறுக்க ஒன்றுமில்லை. குழியடிச்சான், களர்பாளை மாதிரி பாரம்பரிய நெல்லில் செடிக்குச் செடி கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். உவர் நிலத்து உழவர்கள் அதில்தான் பொறுக்கினார்கள்.

இந்த சம்பாவுக்கு இருபது சென்ட்டில் களர்பாளை போட்டிருக்கிறேன், பக்கத்தில் பழைய ரகம் ஒரு பாத்தி. மழை உப்பைக் கழுவிவிட்டால் ஒரு வருஷத்தில் எதுவும் தெரியாது; மூன்று சம்பாவாவது பார்க்க வேண்டும். உப்பு பூக்கும் மூலையில் நின்று கதிர் பிடித்த செடிகளுக்குச் சிவப்பு நூல் கட்டப் போகிறேன். விதை அதிலிருந்துதான்.