மாறாதிருக்கச் சொல்வது யார்?

கருவுற்ற எலியின் முட்டை ஏறத்தாழ மூன்றரை நாளில், நீர் நிறைந்த சிறு பந்து போன்ற கருக்கோளமாக வளர்கிறது. அதன் உட்புறத்தில் ஒருபக்கமாக ஒட்டியிருக்கும் சில செல்களே பின்னர் எலியின் முழு உடலாக உருப்பெறுகின்றன. நரம்பு, குருதி, தசை, எலும்பு என எதுவாகவும் மாறும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு. ஆயினும் கருவினுள் அவ்வாற்றல் மிகக் குறுகிய காலமே நீடிக்கும். அதன்பின் ஒவ்வொரு செல்லும் தனக்குரிய பணியை ஏற்றுத் தனிவழி செல்லும்.

1981ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் மார்ட்டின் எவான்சும் மாத்யூ காஃப்மனும், அமெரிக்காவில் கெயில் மார்ட்டினும் இச்செல்களைப் பிரித்தெடுத்து வளர்ப்புத் தட்டில் பெருகச் செய்தனர். இவையே கருநிலைக் குருத்தணுக்கள். குருத்தணு தன் இயல்பு மாறாமல் தன்னைப் போன்ற குருத்தணுக்களையே தோற்றுவிப்பதைத் தற்புதுப்பித்தல் என்பர். கருவில் நில்லாத தன்மை தட்டில் மாதக்கணக்கில் நின்றது. இவற்றை மாறாதிருக்கச் செய்தது எது?

தட்டின் அடியில், பிரிதல் நிறுத்தப்பட்ட இணைப்புத்திசுச் செல்கள் பரப்பப்பட்டிருந்தன. அவற்றை நீக்கியதும் குருத்தணுக்கள் உருமாறத் தொடங்கின. எனவே அச்செல்கள் சுரக்கும் ஏதோவொன்றே செய்தியைச் சுமக்கிறது என்பது புலனாயிற்று. 1988இல் அது எல்.ஐ.எப். என்னும் புரதம் எனக் கண்டறியப்பட்டது. லுகேமியாத் தடுப்புக் காரணி என்பது அதன் விரிந்த பெயர். எலியின் ஒருவகை இரத்தப் புற்றுநோய்ச் செல்களை முதிரச் செய்து, அவற்றின் பெருக்கத்தை அடக்குவதால் அப்பெயர் பெற்றது. அங்கே உருமாறத் தூண்டும் புரதம், இங்கே உருமாறாமல் காக்கிறது! செய்தியின் பொருள் அதனைச் சுமக்கும் மூலக்கூறில் மட்டும் இல்லை. பெறும் செல்லின் நிலையையும் பொறுத்தது.

எல்.ஐ.எப். செல்லின் உட்கருவுக்குச் சென்று கட்டளை இடுவதில்லை. அது செல்சவ்விலுள்ள இரு உணர்வேற்பிப் புரதங்களை ஒன்றிணைக்கிறது. அவற்றின் உட்புற முனையில் காத்திருக்கும் ஜாக் என்னும் நொதி விழிப்புற்று, ஸ்டாட்3 என்னும் புரதத்தின்மீது பாஸ்பேட்டை ஏற்றுகிறது. பாஸ்பேட் பெற்ற ஸ்டாட்3 இணை இணையாகச் சேர்ந்து உட்கருவினுள் நுழைந்து, குருத்தணுத் தன்மையைக் காக்கும் மரபணுக்களை இயக்குகிறது.

எனினும் எல்.ஐ.எப். மட்டும் போதவில்லை. வளர்ப்பு ஊடகத்தில் குருதிச் சீரம் இல்லாவிடில் செல்கள் நரம்புச் செல்களாகத் திரும்பின. சீரத்திற்கு மாற்றாக பி.எம்.பி.4 என்னும் புரதம் அமையும் என்பதை 2003இல் சி-லாங் யிங், ஆஸ்டின் சிமித் ஆகியோரின் குழு காட்டியது. ஒரு பாதை நரம்பாவதைத் தடுக்க, மற்றொன்று பிற வழிகளை அடைத்தது.

அக்குழுவே 2008இல் மேலும் வியப்பான ஒன்றை வெளியிட்டது. குருத்தணு எப்.ஜி.எப்.4 என்னும் புரதத்தைத் தானே சுரக்கிறது. அது எர்க் பாதையைத் தூண்டி, அதே செல்லை உருமாற்றத்திற்கு ஆயத்தப்படுத்துகிறது. புறப்படச் சொல்லும் குரல் செல்லின் உள்ளிருந்தே எழுகிறது! இப்பாதையை ஒரு மருந்தால் அடைத்து, ஜி.எஸ்.கே.3 என்னும் நொதியை மற்றொரு மருந்தால் ஒடுக்கியபோது, எல்.ஐ.எப்., சீரம் இரண்டும் இன்றியே செல்கள் தம்மைப் புதுப்பித்துக்கொண்டன. ஸ்டாட்3 அறவே இல்லாத செல்களும் அவ்வாறே வாழ்ந்தன. இருபது ஆண்டுகளாக இன்றியமையாதது எனக் கருதப்பட்ட கட்டளை, உண்மையில் எதிர்க்குரலை மூழ்கடிக்கவே தேவைப்பட்டிருந்தது. நெடுங்காலம் கைகூடாதிருந்த பேரெலியின் (ரேட்) குருத்தணுக்களையும் இம்முறையாலேயே அவ்வாண்டில் பெற்றனர்.

மனிதக் குருத்தணுக்களை 1998இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் குழுவினர் பெற்றனர். எல்.ஐ.எப். அவற்றைக் காக்கவில்லை. எலியின் செல்லை வெளியேற்றும் எப்.ஜி.எப். குடும்பத்தைச் சேர்ந்த எப்.ஜி.எப்.2 புரதமும் ஆக்டிவினுமே அவற்றை நிலைநிறுத்தின. உயிரினம் வேறு என்பது மட்டும் இதற்குக் காரணமன்று. வழக்கமான தட்டில் வளரும் மனிதச் செல்கள், கரு கருப்பையில் பதிந்த பின்னுள்ள சற்று முதிர்ந்த நிலையை ஒத்திருக்கின்றன. அந்நிலையிலுள்ள எலியின் செல்களை 2007இல் பிரித்தெடுத்தபோது, அவையும் மனிதச் செல்களைப் போலவே நடந்துகொண்டன.

இவ்வேறுபாடு மருத்துவத்தில் பெரிதும் பொருட்படுத்தத்தக்கது. பார்க்கின்சன் நோயில் அழியும் நரம்புச் செல்களை மனிதக் குருத்தணுக்களிலிருந்து ஆக்கும் முறைகளில், ஆக்டிவின் வகைச் சமிக்ஞையும் பி.எம்.பி. சமிக்ஞையும் முதற்படியில் ஒருங்கே அடைக்கப்படுகின்றன. காத்துவந்த பாதை மூடப்பட்டதும் செல்கள் நரம்பாகின்றன. அவற்றுள் சில மாறாமல் எஞ்சி நோயாளியின் உடலுக்குள் சென்றால், அங்கும் தம்மைப் புதுப்பித்துக்கொண்டு, பல திசுக்கள் கலந்த டெரட்டோமா என்னும் கட்டியாக வளரக்கூடும். அதனாலேயே செலுத்துவதற்கு முன், குருத்தணுக்களுக்கே உரிய ஆக்ட்4 போன்ற புரதங்கள் எச்செல்லிலேனும் எஞ்சியுள்ளனவா என்று தேடிப் பார்க்கின்றனர்.