சேவையகத்துக்கும் மறுபிரதி வேண்டும்

2023 ஓகஸ்ட்டில் 'லங்கா அரச முகில்' மீது கப்பம் கோரும் மென்பொருள் தாக்குதல் நடந்தது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் பல மீளவில்லை. அக்காலப்பகுதிக்கான பிரதி வேறிடத்தில் இருக்கவில்லை.

காணாமல் ஆக்கப்பட்டோர் விபரங்களையும் காணி உறுதிகளையும் கணினியில் சேமிக்கும் நம் அமைப்புகளை நினைத்தே, கண்டியிலிருந்து இதனை எழுதுகிறேன்.

மெய்நிகர் சேவையகம் என்பது ஒரு இயந்திரத்துக்குள் மென்பொருளால் பிரிக்கப்பட்ட தனிக் கணினி. அதன் வன்தட்டு பெரும்பாலும் வெறும் கோப்புத்தான். விஎம்வெயாரில் அது விஎம்டிகே, ஹைப்பர்-வியில் விஎச்டிஎக்ஸ், புரொக்ஸ்மொக்ஸில் கியூகவ்2 ஆக இருக்கலாம். தளம் மாறினால் கோப்பையும் மாற்ற வேண்டிவரும். விஎம்வெயாரை வாங்கிய புரோட்கொம் 2023 டிசம்பரில் நிரந்தர உரிம விற்பனையை நிறுத்தியதால், பலர் தளம் மாற நேர்ந்தது.

ஆகவே, யாழ்ப்பாணத்தில் இயங்கும் சேவையகத்தின் பிரதியொன்றை இணையத்தோடு இணைக்காத தட்டில் கண்டியில் வையுங்கள். அதை வேறொரு தளத்தில் ஏற்றி, இயங்குகிறதா என்றும் பாருங்கள். 1981இல் யாழ் நூலகம் எரிந்தபோது, மறுபிரதியில்லாத சுவடிகள் நிரந்தரமாகவே போயின.