ஒரு நட்டும் இரு பாலங்களும்

பொறியியல் கல்லூரியில் ஒரு கணக்கு உண்டு. கம்பியில் ஒரு பாரம் தொங்குகிறது. கம்பியின் இழுவிசை எவ்வளவு? கம்பியை ஒரு கோடாகவும் பாரத்தை ஓர் அம்புக்குறியாகவும் வரைந்தால் விடை கிடைத்துவிடும். ஆனால் பாரத்தைக் கம்பியோடு இணைப்பது எது? அதைப் பட்டறையில் எப்படிப் பொருத்துவார்கள்? இக்கேள்விகள் வினாத்தாளில் அதிகம் வருவதில்லை. வேலையில் சேர்ந்ததும் வந்துவிடும். விடை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உண்மை நிகழ்ச்சியைப் பார்ப்போம்.

அமெரிக்காவில் கான்சாஸ் நகரில் ஹையட் ரீஜென்சி என்னும் ஓட்டல் 1980-இல் திறக்கப்பட்டது. அதன் உயரமான கூடத்தில் நடைபாலங்கள் எஃகுக் கம்பிகளால் கூரையிலிருந்து தொங்கின. நான்காம் தளப் பாலத்துக்கு நேர் கீழே இரண்டாம் தளப் பாலம்.

முதல் வரைபடத்தின்படி ஒவ்வொரு கம்பியும் கூரையிலிருந்து கீழ்ப் பாலம் வரை ஒரே நீளமாக வரவேண்டும். மேல் பாலத்தை ஒரு நட்டும் கீழ்ப் பாலத்தை வேறொரு நட்டும் தாங்கும். தாளில் இது சரிதான். ஆனால் கம்பியின் நடுவே ஒரு நட்டைக் கொண்டுபோய் வைப்பது எப்படி? கீழ் நுனியிலிருந்து பல மீட்டர் நீளத்துக்கு மரை வெட்டவேண்டும். தூக்கி நிறுத்தும்போது அந்த மரை அடிபட்டு நசுங்கிவிடலாம்.

எஃகு வேலை செய்தவர்கள் ஓர் எளிய வழி சொன்னார்கள். ஒரு கம்பிக்குப் பதில் இரண்டு. ஒன்று கூரையிலிருந்து மேல் பாலம் வரை. மற்றது மேல் பாலத்திலிருந்து கீழ்ப் பாலம் வரை. நுனிகளில் மட்டும் மரை போதும். பொறியாளர்களின் ஒப்புதலும் கிடைத்தது. இணைப்பைத்தான் யாரும் மறுபடி கணக்கிடவில்லை.

இதில் என்ன தவறு? ஒரு கயிற்றில் நீங்களும் உங்கள் நண்பனும் மேலும் கீழுமாகத் தொங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கை உங்கள் எடையை மட்டும் தாங்கும். இப்போது நண்பன் கயிற்றை விட்டுவிட்டு உங்கள் காலைப் பிடித்துக்கொள்கிறான். கயிற்றின் மேல் பகுதிக்கு வேறுபாடு இல்லை, அதே இருவர்தாம். ஆனால் உங்கள் கைக்கு இரண்டு மடங்கு பாரம்! மேல் பாலத்தின் நட்டுக்கு நேர்ந்ததும் அதுவே.

1981 ஜூலை 17 மாலை. கூடத்தில் நடன விழா. மேல் பாலத்து உத்தரத்தைக் கிழித்துக்கொண்டு நட்டு வெளியே வந்தது. இரு பாலங்களும் மக்கள்மேல் விழுந்தன. 114 பேர் மாண்டனர். இருநூறு பேருக்குமேல் காயமடைந்தனர். விசாரணையில் மற்றொன்றும் தெரிந்தது. முதல் வரைபடத்தின் இணைப்பே விதிகள் கோரிய வலிமையில் சுமார் 60 சதவீதந்தான். மாற்றியபின் அதிலும் ஏறக்குறையப் பாதி. பொறுப்பான பொறியாளர் இருவர் அம்மாநிலத்தில் தொழில் உரிமத்தை இழந்தனர்.

கவனித்தீர்களா? தேவைப்பட்டது கடினமான கணக்கு அன்று. மரை வெட்டும் சிரமம் பட்டறைக்காரருக்குத் தெரியும். பாரத்தின் கணக்கு பொறியாளருக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆளில்லை. இன்று இவ்விபத்தே பொறியியல் மாணவர்களுக்குப் பாடமாக இருக்கிறது.

அடுத்த முறை சைக்கிள் கடைக்குப் போனால், சக்கரத்தைக் கழற்றுவதைக் கவனியுங்கள். அச்சில் மரை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது? ஏன்? கடைக்காரரிடமே கேளுங்கள். நாளை நீங்கள் பொறியாளரானால் இந்தக் கேள்வி கேட்கும் பழக்கம் சில உயிர்களைக் காக்கக்கூடும்.