உஷார்! ‘தலைவலி’ என்று வரும் பிள்ளை வேறு எதையோ சொல்ல வந்திருக்கலாம்

தாம்பரத்தைச் சுற்றி, சேலையூர், செம்பாக்கம், முடிச்சூர், பம்மல் என்று எந்தத் தெருமுனை கிளினிக்கிலாவது மாலை ஏழு மணிக்கு மேல் உட்கார்ந்து பாருங்கள். பதினைந்து வயது மகளை அம்மா கூட்டி வந்திருப்பார். “என்னம்மா பண்ணுது?” என்று டாக்டர் கேட்பது மகளை. பதில் வருவது அம்மாவிடமிருந்து. “அடிக்கடி தலைவலிங்கிறா டாக்டர். ஒழுங்கா சாப்பிடறதில்ல. எப்பப் பாரு போன்தான்.” டாக்டர் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார். ஒரு டானிக், ஒரு வலி மாத்திரை. வெளியே டோக்கனோடு கூட்டம் காத்திருக்கிறது. வாயே திறக்காமல் அந்தப் பெண் வீட்டுக்குப் போய்விடுவாள்.

ஆபத்து இந்த மூன்று நிமிஷத்தில்தான் இருக்கிறது.

இமையைப் பார்ப்பது சரிதான். தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. ஆனால் மாதவிடாயில் ரத்தம் அதிகமாகப் போகிறதா, ஒல்லியாக வேண்டும் என்று பட்டினி கிடக்கிறாளா என்று யார் கேட்டது? பள்ளியில் எவனாவது மிரட்டுகிறானா? இரவில் தூக்கம் வருகிறதா?

2015-16 தேசிய மனநல ஆய்வின்படி 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலக் கோளாறு. நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஏறக்குறைய மூன்று பேர். இவர்கள் நேராக மனநல மருத்துவரிடம் போவதில்லை. தலைவலி, வயிற்று வலி, ‘டயர்டா இருக்கு’ என்றுதான் குடும்ப டாக்டரிடம் வருகிறார்கள். 2023 ஆகஸ்டில் குரோம்பேட்டையில் நீட் எழுதிவந்த ஒரு மாணவரையும் அடுத்த நாளே அவருடைய தந்தையையும் பறிகொடுத்தோம். அதற்குப் பிறகும் இந்தப் பகுதியில் பிள்ளைகளை மனசு விட்டுப் பேச வைக்கும் கிளினிக்குகள் பெருகாவிட்டால் எப்படி?

டாக்டர்களைத் திட்டிப் பயனில்லை. குழந்தை மருத்துவத்துக்கும் பெரியவர் மருத்துவத்துக்கும் நடுவே இந்த வயது விழுந்துவிடுகிறது. கேட்கும் முறையை யாரும் சரியாகக் கற்றுத் தரவில்லை. முறை இருக்கிறது. முதலில் வீடு, பிறகு படிப்பு, சாப்பாடு, நண்பர்கள். நம்பிக்கை வந்த பின்தான் போதை, காதல், சாக வேண்டும் என்ற எண்ணம். பெற்றோர் வெளியே இருக்க வேண்டும். “நீ சொல்றது வெளியே போகாது, உன் உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் சொல்வேன், பாலியல் கொடுமைன்னா சட்டப்படி சொல்லியாகணும்” என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு அப்படி. கருக்கலைப்புக்கு வரும் மைனர் பெண்ணும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் புகாரில் பெயரைக் குறிப்பிட வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது எத்தனை கிளினிக்குகளுக்குத் தெரியும்?

பயிற்சி பலிக்குமா? மெல்போர்னில் லீனா சான்சி குழுவினர் 108 குடும்ப டாக்டர்களை வைத்துச் சோதித்தார்கள். வாரத்துக்கு இரண்டரை மணி நேரம், ஆறு வாரம். பயிற்சி பெற்றவர்கள் பிள்ளைகளிடம் பேசும் விதம் தெளிவாகத் தேறியது. ஒரு வருஷம் கழித்தும் நிலைத்தது. 2000இல் வெளிவந்த ஆய்வு இது. மொத்தம் பதினைந்து மணி நேரம்தான்! வேலூர் சி.எம்.சி. பல வருஷமாக, பிராக்டிஸை விடாமலே டாக்டர்கள் படிக்கும்படி குடும்ப மருத்துவத்தைத் தொலைநிலைக் கல்வியாக நடத்துகிறது. தாம்பரத்தைச் சுற்றி மருத்துவக் கல்லூரிகளுக்கும் குறைவில்லை. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடத்த என்ன தடை?

டாக்டர் கேட்காத இடத்தில் மெடிக்கல் ஷாப் நுழைகிறது. விசேஷத்துக்காக மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரை, முகம் வெளுக்க ஸ்டீராய்டு கலந்த க்ரீம் எல்லாம் சீட்டில்லாமல் கைக்கு வருகின்றன. டேப்பன்டடால் என்ற வலி மாத்திரையைப் போதைக்காகக் கள்ளத்தனமாக விற்றுப் பிடிபட்டவர்களைப் பற்றிய செய்தி சென்னையில் அடிக்கடி வருகிறது.

பெற்றோரே, அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, “நான் வெளியே இருக்கேன், நீங்க அவகிட்ட பேசுங்க டாக்டர்” என்று சொல்லி எழுந்து வாருங்கள். பிள்ளை தவிப்பது தெரிந்தால் நாளைக்கென்று தள்ளாதீர்கள். டெலி-மானஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.