தேய்ந்தது எவ்வளவு?

சாணை பிடித்துப் பிடித்து ஒல்லியாகிப்போன அரிவாள்மனை உங்கள் வீட்டில் இருக்கிறதா? வாங்கிய புதிதில் அது எவ்வளவு அகலம் என்று இப்போது பார்த்துச் சொல்ல முடியுமா, நேயர்களே?

இதே கேள்வியைத்தான் தொல்லியல் ஆய்வாளர்கள் கற்கோடரிகளிடம் கேட்கிறார்கள். நம்ம காஞ்சிபுரத்துக்கு வடக்கே, கொற்றலை ஆற்றுப் பக்கம் அத்திரம்பாக்கம் இருக்கிறதல்லவா? 1863-ல் நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டறிந்த இடம். பிற்பாடு தொல்லியலாளர்கள் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அங்கே அகழ்ந்தெடுத்த இத்தகைய கற்கருவிகளில் மிகப் பழையவற்றுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டு. பல்லவர் காலமெல்லாம் நேற்றுதான், போங்கள்!

கல்லைத் தட்டிக் கூராக்கும்போது சில்லு தெறிக்கும். தெறித்த இடத்தில் லேசான பள்ளம் விழும். அந்தத் தழும்புகளை எண்ணி, கல்லின் மேற்பரப்போடு ஒப்பிடுவது, கல் எவ்வளவு தேய்ந்தது என்று கணிக்கும் வழிகளில் ஒன்று. கொஞ்ச இடத்தில் தழும்புகள் நெருக்கமாக இருந்தால், அந்தக் கல் நிறையவே இழந்திருக்கிறது என்று கணக்கு. வெறுமனே எண்ணினால் போதாதா? போதாது. பெரிய கல்லில் தழும்பும் கூடுதலாகத்தானே விழும்!

சரி, இந்தக் கணக்கை எப்படி நம்புவது? அதுதான் ரசமான விஷயம். ஆய்வாளர்களே புதுக் கல்லோடு உட்கார்ந்து, தட்டித் தட்டி, நடுநடுவே எடை போட்டுப் பார்க்கிறார்கள். எடை குறையக் குறையத் தழும்புகள் நெருங்குகின்றனவா என்று சரிபார்க்கத்தான் இந்தப் பாடு. சில்லு பட்டு விரலில் ரத்தம் வருவதும் உண்டு!