120 லீற்றர் நல்ல தண்ணீர்

தென்மேல் பருவக்காற்று ஓய்ந்து நவம்பர் பிறந்ததும் கற்பிட்டிக் கடல் படிந்துவிடும். ஏப்ரல் வரைக்கும் விடியற்காலையில் ஆலங்குடாக் கரையிலிருந்து டொல்பின் பார்க்க வள்ளங்கள் கிளம்பும். டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவர் அதில் ஏறலாமா? வைத்தியர் சம்மதித்தால் தாராளமாக ஏறலாம். அவரே பத்தலங்குண்டுத் தீவில் மீன்வாடி போட்டு ஒரு வாரம் தங்கலாமா? பெரிய பயணக் கப்பலில் பத்து நாள் சுற்றலாமா? இவற்றுக்கு அப்படிச் சட்டென்று பதில் சொல்ல முடியாது. டயாலிசிஸ் என்றதும் எல்லோருக்கும் இரத்தம்தான் நினைவுக்கு வரும். ஆனால் நோயாளியைக் கரையில் கட்டிப்போடுவது பெரும்பாலும் தண்ணீர்தான்.

நல்ல சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லீற்றர் நீரை இரத்தத்திலிருந்து வடித்து, தேவையானதை உடலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்றிரண்டு லீற்றரை மட்டும் வெளியேற்றுகின்றன. அவை செயலிழந்தால் கழிவும் உப்பும் நீரும் உடலிலேயே தேங்கும். வில்லெம் கோல்ஃப் என்ற டச்சு வைத்தியர் 1943 இல், ஜேர்மன் படைகள் பிடித்து வைத்திருந்த நெதர்லாந்தின் கம்பன் நகரில், இதற்கு ஒரு வழி கண்டார். மரச்சட்ட உருளையைச் சுற்றி, இறைச்சி அடைக்கும் செலோஃபேன் குழாயைச் சுற்றினார். அதற்குள் நோயாளியின் இரத்தத்தை ஓடவிட்டு, உப்புக் கரைசல் நிரம்பிய தொட்டியில் உருளையைச் சுழலவிட்டார். முதலில் பலர் இறந்தார்கள். 1945 இல் ஒருவர் பிழைத்தெழுந்தார்.

இன்றைய இயந்திரத்தில் அந்த உருளைக்குப் பதில் ஓர் அடி நீளமுள்ள கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழல் இருக்கிறது. உள்ளே நூல்போல மெல்லிய வெண்குழாய்கள் ஆயிரக்கணக்கில். கையில் தமனியையும் நாளத்தையும் இணைத்துச் செய்த பிஸ்டியுலாவில் (விரலை வைத்தால் உள்ளே அதிர்வது தெரியும்) இரண்டு ஊசிகள் ஏற்றி இயந்திரத்தை ஓட்டியதும், அந்த வெண்மை முழுவதும் சில நொடிகளில் சிவந்துவிடும். குழாய்களுக்கு உள்ளே இரத்தம், வெளியே எதிர்த்திசையில் கரைசல். யூரியாவும் மிகுதியான பொட்டாசியமும் சுவர் வழியே கரைசலுக்குள் கடந்துபோகும். நான்கு மணி நேரம், வாரத்துக்கு மூன்று தடவை.

அந்தக் கரைசல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 500 மில்லிலீற்றர் ஓட வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு 120 லீற்றர், வாரத்துக்கு 360 லீற்றர். நாம் குடிக்கும் தண்ணீர் குடலைத் தாண்டித்தான் இரத்தத்தில் சேர்கிறது. இங்கே நடுவில் இருப்பது ஒரு மெல்லிய சவ்வு மட்டுமே. ஆகவே குடிக்க நல்ல தண்ணீர் என்பது வேறு, டயாலிசிஸுக்கு நல்ல தண்ணீர் என்பது வேறு.

கற்பிட்டிக் குடாநாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் புத்தளம் களப்பு, நடுவே மணல். மழைநீர் மணலுக்குள் இறங்கி உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. கிணறுகளில் வருவது அதுதான். மரக்கறித் தோட்டங்களுக்குப் போடும் உரம் மணலில் நிற்காமல் இறங்குவதால் இங்குள்ள கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று கூடியிருப்பதை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். கொதிக்க வைத்தால் அது போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். டயாலிசிஸ் கரைசலில் அது மிஞ்சினால் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலுவை இழக்கும். அதனால்தான் டயாலிசிஸ் பிரிவு எதுவானாலும் இயந்திரங்களுக்குப் பின்னால் கரி வடிகட்டியும் ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடுபரவல்) தொகுதியும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

கரீபியனில் உள்ள குராசோ தீவில் 1996 இல் நடந்ததைக் கடலோரத்தார் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும். அங்கே கடல்நீரைக் காய்ச்சி வடித்த தண்ணீரைத்தான் பயன்படுத்தினார்கள். புதிதாகப் போட்ட குழாயின் உட்பூச்சு சீமெந்துச் சாந்து. அதிலிருந்து அலுமினியம் கரைந்து வந்தது. டயாலிசிஸ் நோயாளிகளின் மூளையை அது தாக்கி, பத்துப் பேர் இறந்தார்கள். ஊரில் அதே தண்ணீரைக் குடித்தவர்களுக்கு அப்படி எதுவும் நேரவில்லை.

கப்பலும் தன் தண்ணீரைக் கடலிலிருந்துதான் எடுக்கிறது. டயாலிசிஸ் வசதியுள்ள பயணங்களில் இயந்திரங்களோடு தனி நீர்ச் சுத்திகரிப்புக் கருவிகளையும் ஏற்றுகிறார்கள். சிறுநீரக வைத்தியரும் பயிற்சி பெற்ற தாதியரும் கூடவே போகிறார்கள். மாதக்கணக்கில் முன்பே பதிய வேண்டும், மஞ்சட்காமாலைக் கிருமி இல்லை என்ற பரிசோதனை முடிவும் கொடுக்க வேண்டும். 2023 இல் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்குப் பயணக் கப்பல் வந்தபின் நம் பக்கத்திலும் இப்படிப் போகும் ஆசை பலருக்கு வந்துவிட்டது. கப்பலில் வைத்தியர் இருக்கிறார் என்பதாலேயே டயாலிசிஸும் இருக்கும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலான கப்பல்களில் அது கிடையாது.

வாடிக்குப் போகும் மீனவருக்கு இதெல்லாம் எட்டாத காரியம். அவருக்கு உதவக்கூடியது இயந்திரமே இல்லாத இன்னொரு முறை. அமெரிக்காவில் பொப்போவிச்சும் மொன்கிரீஃபும் 1970களில் உருவாக்கிய சி.ஏ.பி.டி., அதாவது வயிற்றுவழி டயாலிசிஸ். குடலைப் போர்த்தியிருக்கும் சவ்வே இதில் வடிகட்டி. வயிற்றில் நிரந்தரமாக வைத்த மெல்லிய குழாய் வழியே இரண்டு லீற்றர் கரைசலை உள்ளே விட்டு, சில மணி நேரம் வைத்திருந்து வெளியேற்றுவார்கள். பெரும்பாலானோர் இதை நாளுக்கு நான்கு தடவை செய்கிறார்கள். கருவாட்டுக்கு உப்புத் தடவினால் மீனிலிருந்து நீர் வடிந்து வருகிறதே, அதுபோலக் கரைசலில் உள்ள குளுக்கோஸ் உடலின் மிகை நீரை இழுத்துக்கொள்ளும்.

செய்முறை எளிது, ஆனால் ஒழுங்கு வேண்டும். கையை நன்றாகக் கழுவி, முகக்கவசம் போட்டு, காற்று வீசாத இடத்தில் உட்கார வேண்டும். வாடியானால் படங்கை இறக்கிவிட வேண்டும். புதிய பையைத் தோளுக்கு மேலே வளையில் கொழுவி, வெற்றுப் பையைத் தரையில் வைக்க வேண்டும். முதலில் வயிற்றிலுள்ள பழைய கரைசல் கீழே இறங்கும், பிறகு புதியது உள்ளே போகும். மின்சாரம் வேண்டாம், புவியீர்ப்பு போதும். அரை மணி நேர வேலை.

சுமைதான் பிரச்சினை. நாளுக்கு எட்டுக் கிலோ என்றால் ஒரு வாரத்துக்கு 56 கிலோ. வள்ளத்தில் வெயில் படாமல், பெட்டி நனையாமல் கொண்டுபோக வேண்டும். களப்பு நீரிலோ குளத்திலோ இறங்கக் கூடாது, குழாய் வாயில் கிருமி தொற்றிவிடும்.

இலங்கையிலும் இந்தச் சிகிச்சை உண்டு. தேவையும் பெரிது: புத்தளத்துக்குப் பக்கத்து அனுராதபுர மாவட்டம் 1990கள் முதல் காரணம் தெளியாத சிறுநீரக நோயால் அவதிப்படுகிறது, பொலன்னறுவையில் 2021 இல் அதற்கெனத் தனி வைத்தியசாலையே திறக்க வேண்டி வந்தது. வாரம் மூன்று நாள் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு அலையும் கரையோரக் குடும்பங்கள், "எங்களுக்கு வயிற்றுவழி முறை ஒத்துவருமா?" என்று கிளினிக்கில் ஒருமுறையாவது கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். எல்லோருக்கும் ஒத்துவராது. வயிற்றில் பெரிய சத்திரசிகிச்சைகள் செய்தவர்களுக்குப் பெரும்பாலும் சரிப்படாது. ஆனாலும் கேட்காமல் இருந்துவிடக் கூடாது.

இயந்திரத்தில் செய்பவர் டொல்பின் பார்க்கப் போவதென்றால் சிகிச்சைக்கு மறுநாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. வார இறுதியில் வரும் நீண்ட இடைவெளியின் கடைசி நாள் வேண்டாம், இதயத்துக்கு ஆபத்துக் கூடிய நேரம் அது. வெயிலில் தாகம் எடுக்கும், கரையேறியதும் யாராவது அன்போடு செவ்விளநீர் சீவி நீட்டுவார்கள். தென்னை நிறைந்த இந்தப் புத்தளம் மாவட்டத்தில் அதை மறுப்பது கடினம். ஆனால் இளநீரில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகம் செயலிழந்தவரின் இதயத்தை அது நிறுத்திவிடவும் கூடும். கருவாட்டின் உப்பு தாகத்தைக் கூட்டும், குடித்த நீரோ வெளியேறாமல் நுரையீரலில் சேரும். வாய் வறண்டால் அளந்து வைத்த தண்ணீரில் ஒரு மிடறு போதும்.

வாடியில் தங்கும் சி.ஏ.பி.டி. காரர் ஒவ்வொரு தடவையும் வெளியே வந்த பையை அச்சடித்த தாள் ஒன்றின்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். எழுத்துத் தெளிவாகத் தெரிந்தால் சரி. கலங்கலாக மறைத்தால் வயிற்றில் கிருமி புகுந்துவிட்டது என்று கொள்ள வேண்டும். வலி வரட்டும் என்றோ விடியட்டும் என்றோ காத்திருக்காமல், அந்தப் பையையும் கையோடு எடுத்துக்கொண்டு அப்போதே கற்பிட்டிக்கு வள்ளத்தைத் திருப்ப வேண்டும்.