கடலில் மிதக்கும் காற்றாடி

ஆடி மாதத்தில் சென்னிமலைப் படி ஏறியவர்களுக்குத் தெரியும். முன்னே போகிறவரின் மேல்துண்டு பின்னே வருகிறவரின் முகத்தில் வந்து விழும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து கொங்கு நாடெங்கும் வீசுகிற மேல்காற்றின் வேலை அது. இதே காற்றை நம்பித்தான் பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன.

தரிசனம் முடிந்து கீழே இறங்கியதும் ஒரு நெசவாளர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். என் கையில் ஒரு படம் இருந்தது. நடுச் சமுத்திரத்தில், சுற்றிலும் கரையே தெரியாமல், ஐந்து ராட்சதக் காற்றாடிகள். ஸ்காட்லாந்துக்கு அருகே 2017ல் நிறுவப்பட்டவை. போர்வை நெய்துகொண்டிருந்த வீட்டு அம்மாள் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏனுங் தம்பி, பல்லடத்துக் காத்தாடிக்கு அடியில எத்தனை காங்கிரீட்டுப் போடறாங்க! இது தண்ணியில எதைப் புடிச்சுட்டு நிக்குதுங்க?"

நல்ல கேள்வி! கடல் ஆழம் ஏறக்குறைய 60 மீட்டர் வரை இருந்தால் தரையில் தூண் ஊன்றிவிடலாம். அதற்கு மேல் போனால் தூணுக்கு ஆகிற செலவில் காற்றாடியே வேண்டாம் என்று தோன்றிவிடும். ஆனால் காற்று பலமாக வீசுவதோ ஆழ்கடலில்! அங்கே காற்றாடியை மிதக்க விடலாமே என்று 1972ல் வில்லியம் ஹெரோனிமஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் யோசனை சொன்னார். பெரிய அளவில் அது நிறைவேற 2009 ஆகிவிட்டது. நார்வேக்காரர்கள் செய்து காட்டினார்கள்.

அந்த அம்மாளிடம் தஞ்சாவூர் ராஜா ராணி பொம்மையைப் பற்றிச் சொன்னேன். எப்படித் தள்ளினாலும் எழுந்து உட்காருமே, அது! அடியில் பாரம் இருப்பதுதான் ரகசியம். ஸ்காட்லாந்துக் காற்றாடியும் அப்படித்தான். நீருக்கடியில் 78 மீட்டர் நீளத்துக்கு ஓர் இரும்பு உருளை. அதன் அடியில் இரும்புத் தாதுக் கல்லும் நீரும். மொத்தம் 11,000 டன்னுக்கு மேல் கனம். நார்வேயின் ஆழமான கடற்கழியில் நிமிர்த்திப் பூட்டி, நின்ற கோலத்திலேயே கடல் கடந்து இழுத்து வந்தார்கள்.

அத்தனை ஆழமான துறைமுகம் எல்லோருக்கும் வாய்க்குமா? போர்ச்சுகலில் 2011ல் வேறு உபாயம் செய்தார்கள். மூன்று பெரிய உருளைகளை முக்கோணமாகப் பிணைத்து, ஒன்றின் தலையில் காற்றாடியை வைத்தார்கள். காற்று ஒரு பக்கம் சாய்த்தால், உள்ளே இருக்கும் நீரை ஓர் உருளையிலிருந்து மற்றொன்றுக்குப் பம்பு மாற்றும். தலைச் சும்மாடு சாய்ந்தால் இடுப்பை வளைத்துச் சரிசெய்கிறோமே, அந்த வித்தைதான். உருளைகளின் அடியில் அகன்ற தட்டுகள் உண்டு. அலை தூக்கும்போது அவை நீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

மூன்றாவது வகையைச் சொன்னதும் அம்மாளின் முகம் மலர்ந்தது. மிதவையைக் கடல் தரையோடு விறைத்த வடங்களால் கட்டி, அது மேலே எழும்பப் பார்க்க, வடம் கீழே இழுக்க, அந்த இழுவையிலேயே அசையாமல் நிற்க வைப்பது.

"பாவு மாதிரிங்க!" என்றார். "தொய்ஞ்சா நெய்ய முடியாது, ரொம்ப இழுத்தா அந்துபோகும்."

எஞ்சினீயர்களை நித்திரை கொள்ளவிடாத சங்கடம் இன்னொன்று. காற்று பலமானால் தகடுகளைத் திருப்பிப் பாரத்தைக் குறைப்பது தரையில் வழக்கம். மிதக்கும் காற்றாடியோ அலையில் முன்னே சாயும்போது காற்று கூடிவிட்டதாக யந்திரம் நினைத்துக்கொள்ளும். தகட்டைத் திருப்பிவிடும். பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்த காற்றின் பிடி தளர, கோபுரம் இன்னும் முன்னே சாயும். ஊஞ்சலை ஒவ்வொரு தடவையும் சமயம் பார்த்து உந்துவது போல ஆட்டம் வளரும்! இதற்காகவே யந்திரத்தின் புத்தியை மாற்றி எழுத வேண்டியிருந்தது. மின்சாரக் கம்பியையும் விறைப்பாக இழுக்காமல், நடுவே மிதவை கட்டி, கடலுக்குள் வளைவாகத் தொங்கவிடுகிறார்கள்.

நம் நாட்டு விஷயத்துக்கு வருவோம். தமிழகக் கடலோரத்தில் 35 கிகாவாட் அளவுக்குக் காற்று இருப்பதாகச் சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்று சக்தி நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. 2024 ஜூனில் மத்திய மந்திரி சபை, குஜராத்துக்கும் தமிழகத்துக்கும் தலா 500 மெகாவாட் கடல் காற்றாலைக்கென்று 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்குச் சம்மதம் தந்தது. முதலில் தரையில் ஊன்றுகிற வகைதான் உத்தேசம். ஆழம் போகப் போகத்தான் மிதவைக்கு வேலை. விலையும் இப்போதைக்கு மிதவைக்குத்தான் அதிகம். ஆனால் கரையிலிருந்து விலகிப் போகலாம் என்பது மன்னார் வளைகுடாவுக்கு அற்ப சௌகரியமல்ல. அங்கே பவளப்பாறையும் கடற்பசுவும் கரையோரத்தில்தான்.

நான் இதையெல்லாம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு போக, அம்மாள் குறுக்கிட்டார்.

"அந்த வடத்துல வலை மாட்டுமில்லீங்க?"

மாட்டும். ஒவ்வொரு மிதவையிலிருந்தும் மூன்று நான்கு வடங்கள் நாலாபக்கமும் நூற்றுக்கணக்கான மீட்டர் போகின்றன. அவற்றின் நடுவே வலை இழுப்பது ஆபத்து. தூத்துக்குடி, கன்னியாகுமரி மீனவர்களின் பயத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை.

"மீன் புடிக்கிறவங்களைக் கேட்டுட்டுச் செய்யோணுங்க" என்றார்.

"கேட்கத்தான் வேண்டும், அம்மா."

"வெச்சதுக்கப்புறம் கேட்டாங்கன்னா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அம்மாளும் காத்திருக்கவில்லை. அறுந்துபோன பாவிழை ஒன்றைத் தேடி எடுத்து முடிச்சுப் போடக் குனிந்துவிட்டார்.